சூலியா தெருவும் மேடையேறிய நூல்களும்



நாம் விரும்பிப் படித்த கதையொன்று நாடகமாகவோ திரைப்படமாகவோ வந்துவிட்டால் உடனே ஒரு வழக்குத் தொடங்கிவிடுகிறது. "கதையில் இருந்தது படத்தில் இல்லையே!" என்பார் ஒருவர். "படித்தபோது வராத கண்ணீர் பார்த்தபோது வந்ததே!" என்பார் மற்றொருவர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது இந்த வழக்கு நம் நாட்டுத் தமிழர் வீடுகளிலும் நடந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் அக்கதை வாரந்தோறும் வெளிவந்தது. அடுத்த இதழுக்காகக் காத்திருந்த தலைமுறை ஒன்று. நூலைத் தொடாமலே படத்தைப் பார்த்துவிட்டு வந்த தலைமுறை இன்னொன்று.

இந்த வழக்கில் தீர்ப்புக் கூறுவது இன்றைய உரையின் நோக்கமன்று. நூல் மேடையேறுவதும் திரையேறுவதும் நேற்றுத் தொடங்கிய செய்தியல்ல என்பதையும், நம் பினாங்கு மாநகரிலேயே அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு என்பதையும் எடுத்துக் கூறுவதே நோக்கம். அந்த வரலாறு சூலியா தெருவையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் சார்ந்தது. அதில் நாம் மகிழத்தக்க பகுதியும் உண்டு. வருந்தத்தக்க பகுதியும் உண்டு.

முதலில் அந்தத் தெருவைப் பற்றிச் சில சொற்கள். 1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் கூலியாட்களும் பெருந்தொகையாக இங்கு வந்து சேர்ந்தனர். இவர்களைச் 'சூலியர்' என்று அழைத்தனர். ஜார்ஜ் டவுனின் பழைய நிலப்படத்தில் 'மலபார் தெரு' என்று குறிக்கப்பட்ட வீதி பிறகு இவர்கள் பெயராலேயே சூலியா தெரு ஆயிற்று. 1801-ஆம் ஆண்டு தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இதன் அருகே நிற்கிறது. நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுந்த தர்கா இத்தெருவின் ஒரு முனையில் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றியபோது, இந்தத் தெருவும் அந்த மரபின் பகுதியாயிற்று.

பள்ளிவாசலை அடுத்துள்ள ஒரு பகுதியின் பெயர் கம்போங் கோலாம். 'கோலாம்' என்ற மலாய்ச் சொல் நம்முடைய 'குளம்' என்ற சொல்லே. சூலியர் பலர் உள்ளூர் மலாய்ப் பெண்களை மணந்து இங்கேயே குடும்பம் ஆயினர். அவர்களுடைய வழித்தோன்றல்களை 'ஜாவி பெரானாக்கான்' என்பர். வீட்டில் மலாயும், கடையில் தமிழும், தொழுகையில் அரபும், அலுவலகத்தில் ஆங்கிலமும் அறிந்த மக்கள் இவர்கள். பல மொழிகளுக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்கு ஒரு மொழியின் கதையை இன்னொரு மொழியில் சொல்வது அன்றாட வேலை. இனி நாம் காணப்போகும் நாடக வரலாற்றுக்கு அடித்தளம் இதுவே.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாயில் பார்சி இனத்தார் நடத்திய நாடகக் கம்பெனிகள் புகழ்பெற்று விளங்கின. வண்ணத் திரைகள், மின்னும் உடைகள், ஆர்மோனியம், தபேலா, இடையிடையே பாட்டும் ஆட்டமும் என்று அவை நாடகத்தைப் பெருங் காட்சியாக்கின. அந்தக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்றன; கடல் கடந்தும் சென்றன. 1870-களில் அத்தகைய குழு பினாங்கிலும் வந்து ஆடியது. மலாய் மக்கள் அதனை 'வாயாங் பார்சி' என்றனர். நாடகம் இந்துஸ்தானி மொழியில் நடந்தது. கூட்டத்தில் பலருக்கு வசனம் முழுவதும் விளங்கியிருக்காது. ஆனாலும் கண்டவர்கள் மீண்டும் மீண்டும் வந்து கண்டனர்; பாட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டு தெருவில் பாடித் திரிந்தனர்.

அந்தக் குழு கலைந்தபோது அதன் திரைச்சீலைகளையும் உடைகளையும் பினாங்கைச் சேர்ந்தவர்களே விலைக்கு வாங்கினர் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். மாமாக் பூஷி என்று வழங்கப்பட்ட ஒருவர் 1885-ஆம் ஆண்டை ஒட்டி 'பூஷி இந்திரா பங்சாவான்' என்ற நாடகக் குழுவை இங்கே அமைத்தார். அவருடைய மருமகன் பாய் காசிம் அக்குழுவின் பெயர்பெற்ற நடிகர். 'மாமாக்' என்பது நம்முடைய 'மாமா' என்ற உறவுச்சொல் மலாய் வாயில் பெற்ற உருவம். 'பங்சாவான்' என்ற சொல்லுக்கு உயர்குலத்தார் என்பது பொருள். அரசரும் அரசியரும் வரும் நாடகமாதலின் அப்பெயர் பொருந்திற்று. பார்சி நாடகத்தின் உருவத்தில் மலாய் மொழியை ஊற்றியதே இவர்கள் செய்த பெரும்பணி. அதன்பின் பினாங்கிலிருந்து சிங்கப்பூர், சுமத்திரா, ஜாவா என்று பங்சாவான் பரவியது.

இவர்கள் எந்தக் கதைகளை ஆடினார்கள்? இங்கேதான் நம் தலைப்புக்கு வருகிறோம். அவர்கள் ஆடியவற்றில் மிகப்பல, ஏற்கெனவே ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு நூலில் இருந்தவை. லக்னோவில் ஆகா ஹசன் அமானத் என்ற புலவர் 1850-களில் உருதுவில் இயற்றிய 'இந்திரசபா' அவற்றுள் ஒன்று. இந்திரன் அவையிலுள்ள தேவமங்கை ஒருத்தி மண்ணுலக இளவரசனைக் காதலிக்கும் கதை அது. 12-ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பெருங்கவிஞர் நிஜாமி காவியமாக்கிய 'லைலா மஜ்னூன்' மற்றொன்று. அரபுக் கதைகளான அலாவுதீனும் அலிபாபாவும் உண்டு. மலாய் மக்களின் சொந்தக் காப்பியமான 'ஹிக்காயாட் ஹாங் துவா' உண்டு. சீனர் போற்றும் காதல் கதையும் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லட்', 'வெனிஸ் வணிகன்' ஆகியவையும் உண்டு.

ஹாம்லட்டை எண்ணிப் பாருங்கள். சென்னையில் 1891-ஆம் ஆண்டு சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், அந்நாடகத்தை 'அமலாதித்யன்' என்று தமிழாக்கி மேடையேற்றினார். டென்மார்க்கு நாட்டு இளவரசன் தமிழ் இளவரசனாய்த் தமிழ் பேசினான். பினாங்கு மேடையிலோ அவனே மலாய் பேசினான். அங்கே கற்றவர்கள் கூடிய சபை. இங்கே கடைத்தெருவில் சீட்டு வாங்கி வந்த கூட்டம். ஆயினும் இரண்டு இடத்திலும் நடந்த செயல் ஒன்றே. ஒரு நூல் தன் நாட்டை விட்டு வந்து இன்னொரு நாட்டில் குடியேறியது.

இந்த நாடகங்கள் உருவான முறையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பங்சாவான் நடிகர்கள் பெரும்பாலும் எழுதிய வசனத்தை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தவர்கள் அல்லர். கதையின் போக்கையும், எந்தக் காட்சியில் யார் வருவது, எங்கே பாட்டு என்பதையும் குழுத்தலைவர் நடிகர்களைக் கூட்டிச் சொல்லிவிடுவார். மீதியை நடிகரே மேடையில் நின்று கட்டிக்கொள்ள வேண்டும். கதைத்தலைவன், தலைவி, பூதம், கோமாளி என்று ஒவ்வொருவருக்கும் நிலையான பாத்திரம் உண்டு. அரண்மனை, தெரு, பூந்தோட்டம், காடு, ஏழை வீடு என்று திரைகளும் நிலையானவை. எந்தக் கதையானாலும் அந்தத் திரைகள் முன் ஆடலாம். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே திரை மாற்றும்போது கூட்டம் சலிக்காமல் இருக்கத் தனிப்பாட்டோ நடனமோ நகைச்சுவையோ நடக்கும். இப்படி ஏற்பாடு இருந்தபடியால் இன்று ஒரு நாடகம், நாளை வேறொரு நாடகம் என்று இரவுதோறும் புதிதாக ஆட முடிந்தது.

படித்தவர்கள் இதைக் கேட்டு, "அப்படியானால் ஷேக்ஸ்பியரின் சொல் ஒன்றுகூட அங்கே இருந்திராதே!" என்பார்கள். உண்மைதான். சொல் போயிற்று, கதை நின்றது. தந்தையைக் கொன்றவன் தந்தையின் அரியணையில் இருக்கக் கண்ட மகனின் வேதனை நின்றது. எழுத்தறியாத படகோட்டிக்கும் சந்தைக்காரிக்கும் அந்த வேதனையைக் கொண்டுபோய்ச் சேர்க்க அன்று வேறு வழி இருக்கவில்லை. நம் தோட்டத்து முன்னோரும் இதற்கு விலக்கல்லர். பாரதத்தில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாத மூதாட்டியர் அபிமன்யுவுக்காக அழுதார்கள். மன்மதனைப் பற்றிய எந்த ஏட்டையும் பாராதவர்கள் காமன் கூத்தில் விடிய விடிய விழித்திருந்தார்கள். அவர்களுக்குக் கூத்தே நூல், கூத்தாடியே ஆசிரியர்.

ஒரே கதை எத்தனை வீடு மாறுகிறது என்பதற்குக் 'குலேபகாவலி' நல்ல சான்று. மகனின் முகம் பார்த்ததும் பார்வையிழந்த அரசன், அவன் கண்ணுக்கு மருந்தாகும் அற்புத மலர், அதைத் தேடிச் செல்லும் மகன் என்பது கதை. இது 18-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் பாரசீக உரைநடையாக எழுதப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் ஆதரவில் உருது நூலாயிற்று. அங்கிருந்து பார்சி மேடைக்கும், பார்சி மேடையிலிருந்து பங்சாவானுக்கும் வந்தது. தமிழ் நாடகக் கம்பெனிகளும் இதை ஆடின. 1935-இல் தமிழ்த் திரைப்படமாயிற்று. 1955-இல் டி. ஆர். ராமண்ணா இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்து மறுபடியும் வந்தது. மலாயாவின் தோட்டத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் எம்.ஜி.ஆர். படங்களுக்குக் கூடிய கூட்டத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். அவர்கள் ஆரவாரித்த இப்படத்தின் கதையைச் சூலியா தெருவின் பக்கத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பே மலாய் மொழியில் ஆடிவிட்டார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

'நூல்தான் மூலம், மற்றவை நகல்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அலிபாபாவின் கதை அந்த எண்ணத்தையே அசைத்துவிடுகிறது. 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலின் பழைய அரபு ஏடுகளில் அலிபாபா இல்லை. சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709-ஆம் ஆண்டு பாரிசில், அந்நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அந்துவான் கலானுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதை அது. கலான் எழுதி அச்சேற்றினார். அந்த அச்சுநூல் உலகைச் சுற்றியது. பங்சாவான் அதை மேடையில் ஆடியது. 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைத் தமிழில் வண்ணப்படமாக்கியது. 1961-இல் பினாங்கின் மைந்தர் பி. ரம்லி அதையே 'அலிபாபா பூஜாங் லாப்போக்' என்று மலாயில் நகைச்சுவைப் படமாக்கினார். வாயிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து திரைக்கும் வந்த கதை இது. இடையில் யாரேனும் ஒருவர் எழுதிவைத்தாலன்றி இத்தனை பயணம் நடந்திருக்காது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

மலாய்த் திரைப்படத்துக்கும் பங்சாவானுக்கும் உள்ள உறவு தாய்க்கும் சேய்க்கும் உள்ள உறவு எனலாம். மலாய் மொழியின் முதல் பேசும்படம் 1934-இல் வெளிவந்தது. அது பங்சாவான் மேடை போற்றிய 'லைலா மஜ்னூன்' கதையே. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ். போருக்குப் பிறகு சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையத்தில் இந்திய இயக்குநர்கள் பலர் பணிபுரிந்தனர். பங்சாவான் மேடையில் பழகிய நடிகர்கள் அவர்கள் படங்களில் நடித்தனர். 1929-இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லியைத் திரைக்கு அழைத்துச் சென்றவரும் இதே ராஜ்ஹன்ஸ்தான்.

1956-இல் பணி மஜும்தார் இயக்கத்தில் 'ஹாங் துவா' வண்ணப்படமாக வந்தது. ரம்லி ஹாங் துவாவாக நடித்தார். அரசனுக்குப் பணிந்து தன் உயிர் நண்பன் ஹாங் ஜெபாட்டைக் கொல்லும் வீரனின் கதை அது. பழைய காப்பியத்தில் துவாவே தலைவன். ஜெபாட் அரசனை எதிர்த்த குற்றவாளி. ஆனால் 1961-இல் ஹுசைன் ஹனிப் 'ஹாங் ஜெபாட்' என்ற படத்தை இயக்கினார். அலி அசிஸ் எழுதிய மேடை நாடகம் அதற்கு அடிப்படை. அதில் அநீதிக்கு எதிராக வாளெடுத்த ஜெபாட் தலைவனாகிறான். நாடு விடுதலை பெற்ற 1957-க்கு முன்னும் பின்னும் மக்கள் மனத்தில் எழுந்த வினா இது. அரசனுக்கு அடங்குவது பெருமையா, நீதிக்காக எதிர்ப்பது பெருமையா? பழைய ஏடு கேட்காத கேள்வியை மேடை கேட்டது, திரையும் கேட்டது. நூலைத் திரைக்குக் கொண்டுவருவோர் வெறும் படியெடுப்போர் என்ற கருத்து எவ்வளவு குறைபாடுடையது என்பது இதனால் விளங்கும்.

தமிழகத்திலும் இதே காலத்தில் இதே வழி திறந்திருந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' என்ற நாவல் டி.கே.எஸ். சகோதரர்களால் நாடகமாகி, 1935-இல் திரைப்படமும் ஆயிற்று. புராணக் கதைகளே படமாகிய நாளில் சமூகக் கதையாக வந்த படம் அது. 1939-இல் கல்கியின் 'தியாகபூமி' இன்னொரு புதுமை செய்தது. கதை ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருக்க, கே. சுப்பிரமணியம் இயக்கிய படத்தின் காட்சிகளே அதற்குப் படங்களாக வெளியாயின. விடுதலை உணர்வை ஊட்டியதால் ஆங்கில அரசு அப்படத்துக்குத் தடை விதித்தது. நூலாக இருந்தபோது பொறுத்த அரசு படமானபோது பொறுக்கவில்லை என்றால், எழுத்தறியாத மக்களிடம் திரையின் ஆற்றல் எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி, முன்பு நான் குறிப்பிட்ட வருந்தத்தக்க பகுதிக்கு வருவோம்.

பேசும்படம் வந்ததும் பங்சாவான் தளர்ந்தது. குறைந்த விலைச் சீட்டில் பெருங்காட்சியைத் திரையில் காண முடிந்தபோது, இரவுதோறும் ஊதியம் கொடுக்கவேண்டிய ஒரு பெருங்குழு எப்படிப் போட்டியிடும்? கேளிக்கைப் பூங்காக்களில் சில காலம் ஒதுங்கி ஆடியது. ஜப்பானியர் படையெடுப்பும் போர்க்காலத் துன்பமும் பல குழுக்களைக் கலைத்தன. பழைய நடிகர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். அவர்களோடு அவர்களுடைய வசனங்களும் மறைந்தன. மலாய் பேசிய ஹாம்லட் என்ன பேசினான்? மாமாக் பூஷியின் குழுவில் இந்திரன் எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு அவைக்கு வந்தான்? அன்று எழுதிவைக்காத காரணத்தால் அந்தச் சொற்கள் திரும்பிவர வழியில்லை.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வாளர் தான் சூய் பெங் பங்சாவானைப் பற்றி 1993-இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். பழைய செய்தித்தாள் விளம்பரங்கள், தேய்ந்த கிராமபோன் தட்டுகள், முதிய கலைஞர்களின் நினைவுகள் ஆகியவற்றைத் தேடிச் சேர்த்தே அவர் அந்த வரலாற்றை எழுத வேண்டியிருந்தது. 1970-களிலிருந்து இக்கலைக்கு அரசாங்க ஆதரவுடன் மறுவாழ்வு கொடுக்கும் முயற்சிகள் நடந்தன. அவற்றில் பங்சாவான் பெரும்பாலும் மலாய்ப் பாரம்பரியக் கலையாகவே காட்டப்பட்டது. இந்தியரும் சீனரும் அரபியரும் யுரேசியரும் கலந்து வளர்த்த அதன் பழைய உருவம் மெல்ல மங்கிற்று என்று அவர் எடுத்துக்காட்டுகிறார்.

இதைக் கேட்டு நாம் எதிர்ப்பக்கத்துக்குத் தாவி, "பங்சாவான் தமிழர் கண்டது" என்று முழங்குவதும் முறையன்று. பார்சியரின் உருவம், உருதுப் புலவரின் கதை, மலாய் மொழி, பலவகை இசை, பல இனத்துக் கூட்டம் இவ்வளவும் சேர்ந்தது அது. இவற்றைச் சேர்த்து வைத்த இடங்களில் முதன்மையானது சூலியர் குடியேறிய இந்தப் பகுதி என்று சொல்லலாம்; அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லவும் நமக்குப் போதிய ஏடு இல்லை என்பதே குறை.

தமிழ் நாடகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியார் தம் நாடகங்களை அச்சிட்டார். நாடக மேடை நினைவுகளையும் எழுதிவைத்தார். டி. கே. சண்முகம் 1972-இல் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலைத் தந்தார். ஆகையால் அந்தக் கம்பெனி நாடகங்கள் நின்ற பின்னும், அவற்றைப் பாராத நாம் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது. இங்கு, நம் தோட்டங்களில் ஆடப்பட்ட கூத்துகளும், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாக்களில் நடிக்கப்பட்ட நாடகங்களும், கோயில் திருவிழா மேடைகளில் இளைஞர் போட்ட நாடகங்களும் எத்தனை எத்தனை! தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, கையெழுத்துப் படிகள் பல பழைய தாள்களோடு போயின. பங்சாவானுக்கு நேர்ந்தது நம் வீட்டுக்குள்ளேயே நேர்ந்துகொண்டிருக்கிறது.

ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யத்தக்கவை சில உண்டு. பிள்ளை ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தால், "படம் பார்க்காதே, புத்தகம் படி" என்று அதட்டுவதால் பயனில்லை. அந்தப் படத்தின் கதை எந்த நூலிலிருந்து வந்தது என்று கேட்கலாம். நூலில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டி, எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஆராயச் சொல்லலாம். பிறகு அப்பகுதியைப் பிள்ளைகளே நாடகமாக எழுதி நடிக்கலாம். தலைவனை மாற்றிப் பார்க்கலாம். ஜெபாட்டின் பக்கம் நின்று எழுதிப் பார்க்கலாம். நடித்து முடிந்ததும் அந்த வசனத்தைச் செம்மையாகப் படியெடுத்து, ஆண்டும் நடித்தவர் பெயரும் குறித்துப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும். அது சிறு பணிதான். ஆனால் பாய் காசிமின் காலத்தில் ஒருவர் அதைச் செய்திருந்தால் இன்று நம் கையில் ஒரு மலாய் ஹாம்லட் இருந்திருக்கும்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்கள் இளமையில் பார்த்த கூத்தையும் நாடகத்தையும் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்துகொள்ளுங்கள். இப்போது ஒவ்வொருவர் கையிலும் அதற்கான கருவி இருக்கிறது. மறந்துபோன வரிகளுக்காக அவர்களை நெருக்க வேண்டாம். நினைவில் நின்ற பாட்டும், வேடம் கட்டியவர் செய்த குறும்பும் போதும். ஹன்னா தியாப் சொன்ன கதையைக் கலான் எழுதிக்கொண்டதும் அப்படித்தான்.

நேயர்களே! அடுத்த முறை பினாங்குக்குச் சென்றால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து கம்போங் கோலாம் பக்கமாகச் சற்று நடந்து பாருங்கள். உணவகங்களும் தங்கும் விடுதிகளும் நிறைந்த அந்த வீதிகள், ஒரு காலத்தில் லக்னோவின் இந்திரனையும் டென்மார்க்கு இளவரசனையும் மலாய் பேசவைத்த மக்கள் நடமாடிய வீதிகள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் விரும்பிப் பார்த்த படத்தின் நூலை அன்றே வாங்கிக் கொடுங்கள்.